பல்லியிலிருந்து தொடங்குங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "மகளுக்கு ஒரு வயது பத்து மாதம். மகனுக்கு ஐந்து வயது. புத்தகக் கண்காட்சியில் விலங்குகள் படப் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு படம். மகள் இரண்டே நிமிடத்தில் மூடிவிட்டு, ட்யூப்லைட் பக்கத்தில் இருக்கும் பல்லியைக் காட்டிக் கத்துகிறாள். மகன் 'இது பாப்பா புக்' என்று தள்ளிவிடுகிறான். எப்படிப்பட்ட புத்தகம் வாங்குவது? தமிழா, ஆங்கிலமா? எத்தனை வாங்க வேண்டும்?"

உங்கள் மகளே பாதி பதிலைச் சொல்லிவிட்டாள். அந்தப் பல்லியைக் கொஞ்ச நேரம் நீங்களும் பாருங்கள். அசையாமல் இருக்கிறது. ஒரு பூச்சி வந்து உட்காருகிறது. பல்லி மெல்ல இரண்டு அடி நகர்கிறது. நிற்கிறது. சட்டென்று ஒரே பாய்ச்சல். இதில் ஆள் இருக்கிறது, காத்திருப்பு இருக்கிறது, முடிவும் இருக்கிறது. ஒரு முழுக் கதை. நீங்கள் வாங்கிய புத்தகத்திலோ பன்னிரண்டு விலங்குகள் வெள்ளைத் தாளில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல நிற்கின்றன. அதில் பார்க்க என்ன இருக்கிறது? பெயரைச் சொல்லலாம், அடுத்ததுக்குப் போகலாம். அவள் மூடியது சரிதான்.

பல வருடங்களாகச் சிறு குழந்தைகளோடு உட்கார்ந்து வாசித்து வருகிறேன். இந்த வயதுக்குப் புத்தகம் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, படத்தில் இருக்கும் விலங்கு ஏதாவது செய்கிறதா என்பதைத்தான். பூனை பாலை எட்டிப் பார்க்கட்டும், நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடட்டும், எருமை சேற்றில் புரளட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு விலங்கு, அது செய்யும் ஒரு வேலை, அது இருக்கும் இடம். இவ்வளவு இருந்தால் இரண்டு வயதுக் குழந்தை ஒரு பக்கத்திலேயே ஐந்து நிமிடம் இருக்கும்.

இரண்டாவதாகப் பார்ப்பது, அந்த விலங்கைக் குழந்தை தன் கண்ணால் பார்த்திருக்கிறதா என்பதை. முதல் நாலைந்து புத்தகங்களுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. காகம், அணில், பல்லி, எறும்பு, தெருநாய், பூனை, மாடு, ஆடு, கோழி, தவளை. படத்தில் பார்த்ததை வாசலில் தேடும், வாசலில் பார்த்ததைப் படத்தில் தேடும். இந்தப் போக்குவரத்து தொடங்கிவிட்டால் புத்தகம் என்பது எதற்கு என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒட்டகச்சிவிங்கி வரட்டும், கங்காரு வரட்டும், திமிங்கிலம் வரட்டும். தூரத்து விலங்குகள் மேல் குழந்தைகளுக்கு இருக்கும் ஆசை உண்மையானது, அதைத் தடுக்கக் கூடாது.

சிறு குழந்தைக்கென்று படம் போட்ட பழைய பாடப் புத்தகங்களில் ஒன்று, 1658இல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் வெளியிட்டது. லத்தீனும் ஜெர்மனும் சேர்ந்த புத்தகம். எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்க அவர் விலங்குகளின் சத்தத்தை எடுத்துக்கொண்டார். முதல் எழுத்துக்கு அவர் போட்ட படம் காகம். எங்கோ இருந்த ஒரு மனிதர், எந்த ஊர்க் குழந்தையும் ஜன்னல் வழியாகப் பார்க்கக்கூடிய பறவையிலிருந்து தொடங்கியிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். நம் அரிச்சுவடியிலும் அணில், ஆடு என்றுதான் பல புத்தகங்கள் தொடங்குகின்றன. 'ஈ' எழுத்துக்கு வந்தால் எழுத்தே விலங்காகிவிடுகிறது.

சரி, கடையில் நின்று எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் கால்களை எண்ணுவேன். எறும்புக்கு ஆறு கால், சிலந்திக்கு எட்டு. சிலந்திக்கு ஆறு கால் போட்டிருந்தால் வரைந்தவர் சிலந்தியைப் பார்க்காமல் வரைந்திருக்கிறார் என்று அர்த்தம். மற்ற பக்கங்களையும் அப்படித்தான் வரைந்திருப்பார். அப்புறம் அணிலைப் பார்ப்பேன். நம் ஊர் அணிலின் முதுகில் மூன்று கோடு உண்டு. கோடே இல்லாமல், புசுபுசுவென்ற செம்பழுப்பு வாலோடு ஒரு பிராணியைப் போட்டு 'அணில்' என்று எழுதியிருந்தால், அது வேறு நாட்டு அணில். நம் குழந்தை அதை வாசல் வேப்பமரத்தில் தேடினால் கிடைக்காது. தோகை விரித்து ஆடுகிற மயிலைக் காட்டி 'அம்மா மயில்' என்று எழுதிய புத்தகங்களும் உண்டு. நீண்ட தோகை ஆண் மயிலுக்குத்தான். யானையின் காது தோளை மூடும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் அது ஆப்பிரிக்க யானை. கோயில் யானையையோ முதுமலை யானையையோ பார்த்த குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியும், சொல்லத்தான் தெரியாது. பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் கைகோத்து நின்றால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். ஒன்று வட துருவத்தில் இருப்பது, மற்றது தெற்கே.

சீல் என்ற கடல் விலங்கின் படத்துக்குக் கீழே 'முத்திரை' என்று அச்சிட்ட ஒரு தமிழ்ப் புத்தகத்தை நான் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன். ஆங்கிலச் சொல்லை அப்படியே மாற்றியிருக்கிறார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு தமிழ்க் கண்ணும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. படிக்கத் தெரியாத குழந்தைக்கு எது போட்டாலும் சரி என்ற நினைப்புதான் அது. அந்தக் குழந்தைக்குத்தான் எல்லாரையும்விடக் கவனமாகப் புத்தகம் செய்ய வேண்டும்.

இப்போது சட்டை போட்ட விலங்குகளுக்கு வருகிறேன். கண்ணாடி போட்ட கரடி, பள்ளிக்கூடம் போகும் முயல், ஸ்கூட்டர் ஓட்டும் எலி. கடையில் இருப்பதில் பாதி இவைதான். இவை கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எதற்கு எது என்று தெரிந்து வாங்குங்கள். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் பட்ரிசியா கானியாவும் அவரோடு வேலை செய்தவர்களும் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. குழந்தைகளுக்குப் பழக்கமில்லாத சில விலங்குகளைப் பற்றிப் புத்தகம் வாசித்துக் காட்டினார்கள். சிலருக்கு விலங்கை விலங்காகவே சொன்ன புத்தகம், சிலருக்கு அது மனிதரைப்போலப் பேசி நடக்கும் புத்தகம். மனிதரைப்போல நடந்த விலங்குகளைக் கேட்ட குழந்தைகள், அந்த விலங்கைப் பற்றிய உண்மைகளைக் குறைவாகவே தெரிந்துகொண்டார்கள். நிஜ விலங்கும் பேசும், யோசிக்கும் என்று அதிகமாக நினைத்தார்கள். பின்னால் அதே பல்கலைக்கழகத்தினர் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை, மனிதக் குழந்தைகளை வைத்தும் சட்டை போட்ட விலங்குகளை வைத்தும் வாசித்தார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள்தான் பிறகு கூடுதலாகப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆகவே 'பகிர்ந்து உண்' என்று சொல்லிக்கொடுக்க ஒரு முயல் குடும்பத்தை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. விலங்கைத் தெரிந்துகொள்ளவும் அது சிறந்த வழி இல்லை. சிரிப்பதற்கு வாங்குங்கள், தாராளமாக. கேலியும் விளையாட்டும் குழந்தைக்குச் சோறு மாதிரி. மூன்று வயதுக்கு முன்னால் வாங்குவதில் பெரும்பகுதி மட்டும் சட்டை போடாத விலங்காக இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

இதற்குள் ஒரு நுணுக்கமும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட முயல் கதையில் அந்த முயல் நீலச் சட்டையும் செருப்பும் போட்டிருக்கும். தோட்டக்காரர் துரத்தும்போது செருப்பு இரண்டும் போய்விடுகிறது. உடனே நாலு காலில் ஓடுகிறது, வேகமாக ஓடுகிறது. சட்டையும் வலையில் மாட்டிக் கழன்றுவிடுகிறது. சட்டைக்குள் இருந்தது அச்சு அசலான முயலின் உடல். அந்த அம்மையார் வீட்டில் முயல் வளர்த்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். புத்தகம் குழந்தையின் கைக்கு அடங்கும் அளவில் சிறியதாக இருக்க வேண்டும் என்றும் பிடிவாதமாக இருந்தார். சட்டை போட்ட விலங்குப் புத்தகம் வாங்கினால் இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். சட்டையைக் கழற்றினால் உள்ளே ஒரு நிஜ விலங்கு இருக்கிறதா?

மொழி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எந்த மொழியில் குழந்தையைக் கொஞ்சுகிறீர்களோ, எந்த மொழியில் சோறு ஊட்டுகிறீர்களோ, அந்த மொழியில் வாசியுங்கள். உங்களுக்கு அது தமிழ் என்றால் தமிழ்தான். நல்ல ஆங்கிலப் படப் புத்தகம் கிடைத்தால் அதையும் வாங்கலாம். படத்துக்கு மொழி கிடையாது. எழுதியிருப்பதை விட்டுவிட்டுத் தமிழில் சொல்லுங்கள்.

தமிழ்ப் புத்தகத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது, பெற்றோர் பலர் இதில்தான் சோர்ந்துபோகிறார்கள். "குரங்கு மரக்கிளையில் அமர்ந்து வாழைப்பழம் உண்டுகொண்டிருக்கிறது" என்று எழுதியிருக்கும். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்கு அது பாதி புரியாது. தயங்காமல் "கொரங்கு என்ன பண்ணுது பாரு, பழத்த உரிக்குது, லபக்குன்னு வாயில போட்டுக்கிச்சு" என்று சொல்லுங்கள். மூன்று வயதுக்குப் பிறகு அச்சில் இருப்பதையும் அப்படியே வாசியுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. எழுத்துத் தமிழின் ஓசை காதில் விழுந்து பழகிய குழந்தைக்குப் பள்ளிப் பாடம் அந்நியமாகத் தெரியாது. வாங்கும்போதே வாக்கியம் சின்னதாக, வாய்க்கு வருவதாக இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது நல்லது. நாக்கு தடுக்கினால் வீட்டிலும் தடுக்கும்.

தமிழில் விலங்குகளுக்கென்று இருக்கும் சொற்செல்வம் வேறு. தொல்காப்பியத்தின் மரபியல், இளமைப் பெயர்களாக மட்டும் ஒன்பது சொல்கிறது: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. எது எந்த விலங்குக்கு என்றும் பிரித்துச் சொல்கிறது. இவற்றில் பாதி இன்றும் நம் வாயில் இருக்கிறது. ஆட்டுக்குட்டி, மாட்டுக்கன்று. கோழிக்கு நாம் குஞ்சு என்கிறோம். அணிலையும் கீரியையும் வளர்ந்த பிறகும் 'பிள்ளை' என்றே கூப்பிடுகிறோம், அணில்பிள்ளை, கீரிப்பிள்ளை என்று. 'குழந்தை யானை', 'குழந்தைக் கோழி' என்று போட்டிருக்கும் புத்தகத்தில் தமிழ் இல்லை, தமிழ் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. சத்தங்களும் அப்படித்தான். காகம் கரையும், குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும், குதிரை கனைக்கும், ஆந்தை அலறும், நரி ஊளையிடும், வண்டு முரலும். எல்லாவற்றுக்கும் 'சத்தம் போட்டது' என்று எழுதிப் போகும் புத்தகத்தைவிட, இவற்றில் நாலைந்தை இயல்பாகக் கதைக்குள் கொண்டுவரும் புத்தகம் எவ்வளவோ மேல். சின்னவளுக்கு இந்தச் சொற்கள் இப்போது வேண்டாம். அவளுக்கு 'கா கா'வும் 'கொக்கரக்கோ'வும் போதும். பெரியவனுக்குக் கொடுங்கள். "யானை கத்துச்சா? இல்ல, பிளிறுச்சு" என்றால் அந்தச் சொல்லின் கனத்தை அவன் உடனே பிடித்துக்கொள்வான்.

எத்தனை வாங்க வேண்டும்? குறைவாக வாங்குங்கள். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்டும் மற்றவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்டவர்கள், வெவ்வேறு கதைகளைக் கேட்டவர்களைவிடப் புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். சொற்கள் வந்த தடவைகள் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆகவே நல்லதாக ஐந்து புத்தகம் போதும். அவை கிழியும்வரை வாசியுங்கள்.

கிழிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் மகளுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம், முனை வளைத்து வெட்டியது. கைக்குழந்தைகள் படத்தில் இருப்பதைப் பிடித்து எடுக்கப் பார்ப்பார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள் இப்படிச் செய்வதை ஜூடி டிலோச் என்ற உளவியலாளர் தொண்ணூறுகளில் பதிவுசெய்திருக்கிறார். ஒன்றரை வயதைத் தாண்டும்போது பிடிப்பது குறைந்து, விரல் நீட்டிக் காட்டுவது கூடுகிறது. உங்கள் மகள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறாள். அவள் விரல் எங்கே போகிறதோ அங்கே நீங்களும் போங்கள். கேள்வி கேட்டால் பதிலை நீங்களே சொல்லிவிடாமல் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்துக்குள் ஏதாவது ஒரு சத்தமாவது வரும்.

பக்கத்தைத் திறந்தால் எழுந்து நிற்கும் புத்தகம், பட்டனை அழுத்தினால் கத்தும் புத்தகம் எல்லாம் விலை அதிகம், பயன் குறைவு. 2010இல் வந்த ஓர் ஆய்வில் எழுந்து நிற்கும் படங்களோடு பார்த்த சிறு குழந்தைகள், சாதாரணப் புத்தகம் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே கற்றார்கள். கை வேலையில் கவனம் போய்விடுகிறது. திறந்து பார்க்கும் மடல்கள் மட்டும் எனக்குப் பிடிக்கும், மடலே கதையாக இருந்தால். ராட் கேம்ப்பெல் 1982இல் செய்த மிருகக்காட்சிசாலைப் புத்தகத்தில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தால் ஒவ்வொரு விலங்கு வரும். உள்ளே என்ன என்ற ஆவல்தான் அங்கே கதை.

எரிக் கார்ல் 1969இல் செய்த பசித்த புழுவின் புத்தகம் உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஆகும். மகளுக்குப் புழு தின்ற இடமாகப் பக்கத்தில் இருக்கும் ஓட்டையில் விரல் விடலாம், மகனுக்குக் கிழமைகளும் எண்ணிக்கையும். அந்தப் புழு கூடு கட்டிப் பட்டாம்பூச்சியாவதில் விஞ்ஞானக் குறை ஒன்றைச் சிலர் சொல்வார்கள். நூலால் கூடு பின்னுவது பெரும்பாலும் அந்துப்பூச்சிகளின் வழக்கம், பட்டாம்பூச்சிகள் அப்படிச் செய்வது அரிது என்று. தமிழில் சொல்லும்போது 'கூட்டுப்புழு' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வாசித்து முடித்த கையோடு கறிவேப்பிலைச் செடியையோ எலுமிச்சைச் செடியையோ போய்ப் பாருங்கள். இலை ஓரம் கடிபட்டிருந்தால் அடியில் ஒரு புழு இருக்கலாம். சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். எருக்கஞ்செடியில் வரி வரியாக இருக்கும் புழு வெந்தய வரியன் பட்டாம்பூச்சியினுடையது. ஐந்து வயதுப் பையன் இதைத் தினமும் போய்ப் பார்ப்பான். 'பாப்பா புக்' என்ற பேச்சு அதோடு போய்விடும்.

தமிழில் எங்கே கிடைக்கும்? சென்னையில் தூலிகா பதிப்பகம் 1996இலிருந்து தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறுவர் புத்தகம் போடுகிறது. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்த யானைக் கதை அவர்களுடையது, பெரிய யானைக்குச் சளி பிடித்துப் பெரிதாகத் தும்முகிற கதை. அதை வாசிக்கும்போது நீங்கள் நிஜமாகவே தும்ம வேண்டும், இல்லையென்றால் குழந்தைகள் விடமாட்டார்கள். தாரா புக்ஸும் சென்னைதான். கோண்டு, வார்லி பழங்குடி ஓவியர்களோடு சேர்ந்து அவர்கள் செய்த புத்தகங்களில் விலங்குகள் வேறு விதமான அழகில் இருக்கும். அவை பெரியவனுக்கு. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு. காசே இல்லாமல் வேண்டும் என்றால் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன. முதல் நிலை என்று குறித்திருப்பதிலிருந்து எடுங்கள். மகளுக்கு போனில் காட்ட வேண்டாம், அச்செடுத்து நூலால் தைத்துக் கொடுங்கள். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைப் பக்கம் என்றால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பகுதி நன்றாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பத்துப் புத்தகம் புரட்டிப் பார்த்து, பிள்ளைகள் கீழே வைக்காத ஒன்றை மட்டும் கடையில் வாங்கலாம்.

மகனுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. ஐந்து வயதில் கேள்விகள் மாறும். புலி ஏன் மானைத் தின்கிறது, குஞ்சு பருந்திடம் மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்பான். இதையெல்லாம் மறைத்து, எல்லா விலங்குகளும் கூடி விருந்து சாப்பிடும் புத்தகமாகவே கொடுத்தால் அவன் வேறு எங்கிருந்தோ பயத்தோடு தெரிந்துகொள்வான். புலிக்குப் பசி, அதற்குப் புல் செரிக்காது, அதற்கும் குட்டி இருக்கிறது என்று நேராகச் சொல்லும் புத்தகம் வாங்குங்கள். பாம்பைக் கெட்டவனாகவும் நரியைத் திருடனாகவும் காட்டும் கதைகள் நம் மரபில் உண்டு, அவற்றையும் சொல்லலாம். கூடவே வயலில் எலி பிடிக்கும் சாரைப்பாம்பையும் காட்டும் புத்தகம் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கண்காட்சியில் வாங்கிய புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கத்தரிக்கோலை எடுத்து அந்தப் படங்களை எல்லாம் தனித்தனியாக வெட்டுங்கள். மகனிடம் ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு விலங்கையும் ஒரு பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று அவனே சுற்றி வரையட்டும். மாட்டுக்குப் புல், குரங்குக்கு மரம், மீனுக்குக் குளம். கீழே எழுத வேண்டியதை அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். முடிந்ததும் தங்கைக்கு அவனே வாசித்துக் காட்டட்டும். கடையில் வாங்கிய படங்களில் பல்லி இருக்காது, அதை மட்டும் அவன் பார்த்து வரைய வேண்டியிருக்கும். முதல் பக்கம் அதற்கு.